பழைய வாட்சின் பூர்வீகம் அறிவது எப்படி?



மளிகைப் பாக்கிக்கு ஈடாகக் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறவர்கள் நமக்குப் புதியவர்கள் அல்லர். முன்பு அதற்குப் பெரிய மதிப்பு இருந்ததில்லை. இன்றோ சாவி கொடுக்கும் பழைய வாட்சுகளைத் தேடி வாங்குவோர் பெருகிவிட்டனர். கூடவே போலியும் பெருகிவிட்டது. கைக்கு வந்த பொருள் இன்னதென்று தெரியாவிட்டால் நாமும் ஏமாறுவோம், பிறரையும் ஏமாற்றிவிடுவோம். ஆகவே நம் ஊர்களில் மிகுதியாகப் புழங்கிய எச்.எம்.டி. வாட்சை வைத்தே சில அடையாளங்களைச் சொல்கிறோம்.

இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்னும் அரசு நிறுவனம், ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் கூட்டுறவுடன் 1961-ல் பெங்களூரில் வாட்ச் தொழிற்சாலை தொடங்கியது. தொடக்க காலத்து வாட்சுகள் சிலவற்றின் முகப்பில் சிட்டிசன் பெயரும் சேர்ந்தே இருக்கும். ஜனதா, பைலட், சோனா, கோஹினூர், காஞ்சன் எனப் பல மாடல்கள் வந்தன. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு எச்.எம்.டி. போட்ட காலம் அது. 2016-ல் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. பழைய வாட்சுகளுக்கு அதன் பிறகு மவுசு கூடியது.

முதலில் விநாடி முள்ளைப் பாருங்கள். விநாடிக்கு ஒரு முறை நின்று நின்று குதித்தால் அது பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ். நிற்காமல் நகர்வதுபோல் ஓடினால் சாவி வாட்ச், அல்லது கை அசைவிலேயே சாவி ஏறிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக்.

அடுத்து முகப்பு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கம்பெனியில் அச்சான எழுத்து மெல்லியதாய், ஓரம் சுத்தமாய் இருக்கும். மறுவர்ணம் அடித்ததில் எழுத்து தடித்திருக்கும், நிமிடக் கோடுகள் ஒழுங்கு தப்பியிருக்கும். அறுபது வருஷத்து வாட்ச் என்பார்கள். முகப்போ நேற்று வாங்கிய எவர்சில்வர் பாத்திரம்போல் பளபளக்கும். அப்போதே உஷாராகிவிட வேண்டும்.

முகப்பு மட்டும் சாட்சியாகாது. குத்தூசி போட்டுப் பார்க்காமல் மூட்டை வாங்குவோமா? அதுபோல வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் கொடுத்துப் பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே இயந்திரத்தில் கம்பெனிப் பெயரும் கற்களின் எண்ணிக்கையும் பொறித்திருக்கும். ஜனதா என்றால் 17 கல். முகப்பில் சுவிஸ் கம்பெனிப் பெயரும் உள்ளே எச்.எம்.டி. இயந்திரமும் இருந்தால், அது பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்த கலப்படச் சரக்கு.

17 கல் என்றதும் மாணிக்கக் கல் விலையைக் கணக்குப் போட வேண்டாம். அவை சக்கரங்களின் அச்சு தேயாமலிருக்கப் பதிக்கும் செயற்கைக் கற்கள். தனியே எடுத்தால் பெரிய விலை போகாது.

வாடிக்கையாளருக்கும் ஒன்று சொல்லிவையுங்கள். அப்பா கட்டிய வாட்சின் முகப்பு மங்கிவிட்டதென்று புதிதாக வர்ணம் அடிக்க வேண்டாம். சேகரிப்பவர்கள் விலை கொடுப்பது அந்த மங்கலுக்குத்தான்.

போலியை அசல் என்று விற்பது மோசடி. அசலைக் கண்டறிந்த பின்னும், "இது ஓடாத பழசு" என்று சொல்லி ஒரு குடும்பத்தின் பொருளை அடிமாட்டு விலைக்கு வாங்குவதும் மோசடிதான். தராசு பிடிக்கிற கை நம்முடையது. அறிந்ததை அறிந்தபடியே சொல்லி, நியாயமான விலை பேசுவோம்.