தூசி புகாத அறை

மல்லசமுத்திரத்தில் பருத்தி ஏலம் நடக்கும் நாட்களில் பஞ்சுத் துகள் படியாத இடமே இராது. மேஜையின் மேல் பஞ்சு. குழந்தைகளின் தலையிலும் பஞ்சு! அப்படிப்பட்ட ஒரு நாளில் வகுப்புக் குழந்தைகளின் இடது தோளில் உள்ள சிறு தழும்பைக் காட்டி, "இது எப்படி வந்தது?" என்று கேட்டோம். "பிறந்தவுடன் போட்ட ஊசி" என்றார்கள். "அந்த மருந்தை எப்படிப்பட்ட அறையில் செய்திருப்பார்கள்?" என்றதும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாசகர்களில் எத்தனை பேர் அதைப் பற்றி எண்ணியிருப்போம்?

அது க்ஷயரோகத்தைத் தடுக்கும் பி.ஸி.ஜி. மருந்து. சென்னைக் கிண்டியில் 1948-இல் ஏற்பட்ட ஆய்வுசாலை இதைத் தயாரித்துத் தேசமெங்கும் அனுப்பி வந்தது. இம்மருந்தில் இருப்பது வலிமை குன்றிய, ஆனால் உயிருள்ள கிருமி. கடைசியில் காய்ச்சிச் சுத்தம் செய்யலாமென்றால் மருந்தே செத்துவிடும். ஆகையால் முதலிலிருந்து முடிவு வரை வேறு கிருமி ஒன்றுகூட அண்டாமல் காக்க வேண்டும்.

தவறினால் என்ன ஆகும்? 1930-இல் ஜெர்மனியின் லூபெக் நகரத்து ஆய்வுசாலையில் இம்மருந்தோடு வீரியமுள்ள க்ஷயக் கிருமி கலந்துவிட்டது. அதை உட்கொண்ட சுமார் 250 சிசுக்களில் 70-க்கு மேற்பட்டவை மாண்டன. நமது திருச்செங்கோட்டு வட்டாரத்துப் புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் கண்ட ராஜாஜி, 1955-இல் இம்மருந்தின் பயனையும் பாதுகாப்பையும் குறித்துப் பகிரங்கமாக ஐயம் எழுப்பினார். குழந்தைகளுக்குக் காணும் கடுமையான க்ஷயத்தை இது தடுக்கிறது என்பது இன்று தெளிவு. ஆயினும், குழந்தையின் உடம்பில் ஏற்றும் பொருளைப் பற்றிக் கேள்வி கேட்பது எவருக்கும் உள்ள உரிமையன்றோ?

அக்கேள்விக்கு ஒரு விடைதான் சுத்த அறை. 1962-இல் அமெரிக்காவின் ஸாண்டியா ஆய்வுசாலையைச் சேர்ந்த வில்லிஸ் விட்ஃபீல்டு ஓர் எளிய யுக்தியை வெளியிட்டார். வடிகட்டிய காற்றை ஒரே சீராக ஓடவிட்டு, துகள்களைத் துடைப்பம்போல் வெளியேற்றுவதே அது. இதற்கான 'ஹெபா' வடிகட்டி, 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 100-க்கு 99.97 பங்கைப் பிடித்துவிடும். மருந்தைப் புட்டியில் அடைக்கும் இடத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3,520-க்கு மேல் இருத்தலாகாது. சாதாரண அறையிலோ அவை கோடிக் கணக்கு! மனிதனே பெரிய தூசி மூட்டை. ஆகவே தலை முதல் கால் வரை போர்த்திக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

இக்காலத்தில் இவ்வறைகளைச் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்ப வேண்டுவதில்லை. சுவரும் கூரையும் கதவும் தனித்தனிப் பலகைகளாகத் தொழிற்சாலையிலேயே தயாராகி வருகின்றன. நாடகக் கொட்டகைக்குத் தட்டி கட்டுவதுபோல் அவற்றைப் பொருத்தி, இடுக்குகளை அடைத்து, மூலைகளை அழுக்குத் தங்காதபடி வளைவாக்கிவிடுகிறார்கள். பின்னர் பெரிதாக்க வேண்டுமானால் சுவரை இடித்துத் தூசி கிளப்ப வேண்டியதில்லை. உள்ளே காற்றழுத்தம் சற்று அதிகமாயிருப்பதால், கதவு திறந்தாலும் காற்று வெளியே பாயுமேயன்றித் தூசி உள்ளே வராது. உயிருள்ள கிருமிகளைக் கையாளும் அறைகளில், அவை வெளியே தப்பாதிருக்கத் தனி ஏற்பாடுகளும் உண்டு.

இவ்வளவும் வீண் செலவு என்று நினைப்பவர்கள் 2008-ஆம் வருஷத்தை நினைவுகூர வேண்டும். உற்பத்தி முறைகள் விதித்த தரத்தை எட்டவில்லையென்று, கிண்டி, குன்னூர், கஸௌலி ஆகிய மூன்று சர்க்கார் ஸ்தாபனங்களின் உரிமத்தையும் சர்க்காரே நிறுத்தி வைத்தது. 2010-இல்தான் தடை நீங்கிற்று. இடைக்காலத்தில் தேசம் தனியார் மருந்தை நம்ப வேண்டியதாயிற்று. காலாகாலத்தில் அறைகளைப் புதுப்பித்திருந்தால் அந்த நிலை நேர்ந்திராது.

சுதேசிப் பொருள் என்பதனால் மட்டும் ஒரு பொருள் உயர்ந்ததாகிவிடாது. அது சுத்தமாகவும் இருக்க வேண்டும். பெயர் தெரியாத ஒரு தாய் தன் சிசுவின் தோளை ஊசிக்கு நீட்டுவது, காணாத ஓர் அறையின் மீது வைத்த நம்பிக்கையினால் அல்லவா? அந்த நம்பிக்கையில் ஒரு துகளும் படியாமல் காப்பது நமது கடமை.