வாயை மூடினால் நோய் போகுமா?

தோட்டத்துக் கோயிலில் திருவிழா முடிந்த இரவு. கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான் பக்கத்து லயத்து வீடுகளின் வாசலில் பாயை விரித்துப் போட்டு ஊர்க்கதை எல்லாம் பேசுவோம். மகனின் வேலை, மகளின் கல்யாணம், செம்பனைக் குலையின் விலை என்று எதையும் விடமாட்டோம். ஆனால், ‘எய்ட்ஸ்’ என்ற சொல் யார் வாயிலாவது வந்துவிட்டால்? பெரியவர் கனைப்பார். தாய் பிள்ளைகளை உள்ளே போகச் சொல்வாள். பேச்சு அத்துடன் நின்றுவிடும்.

பேச்சு நின்றது, சரி. நோய் நின்றதா?

எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. கிருமி நம் நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-ஆம் ஆண்டில். 2002-ல் மட்டும் புதிதாக 6,978 பேரிடம் அது காணப்பட்டது. அந்நாளில் பெரும்பாலோருக்குப் போதை ஊசி வழியாகவே தொற்றியது. அரசாங்கம் 2005-ல் மெத்தடோன் மருந்தையும், 2006-ல் சுத்தமான ஊசி கொடுக்கும் திட்டத்தையும் கொண்டுவந்தது. பிற்பாடு, புதிய தொற்று பாதிக்கும் கீழே இறங்கிற்று.

இன்று நம் நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவர்களிடமே இக்கிருமி இருக்கிறது. ‘அப்படியானால் நமக்கென்ன?’ என்று இருந்துவிடலாமா? கூடாது! இன்னும் ஆண்டுக்குச் சுமார் 3,000 பேருக்குப் புதிதாகக் கண்டறியப்படுகிறது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உடலுறவு வழியாகத் தொற்றியவர்கள். பெரும்பாலோர் 20 முதல் 39 வயதினர். தோட்டத்தை விட்டு கிள்ளான், ஷா ஆலாம், ரவாங் என்று வேலைக்குப் போய், வாடகை அறையில் தங்கும் நம் பிள்ளைகளின் வயது அது.

இளைஞனுக்கு இளைஞன் சொன்னால்தான் ஏறும் என்பதை அறிந்த சுகாதார அமைச்சு, 1996-ல் ‘புரோஸ்டார்’ திட்டத்தைத் தொடங்கியது. 13 முதல் 25 வயதுப் பிள்ளைகளில் சிலருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் வாயாலேயே தம் நண்பர்களுக்குச் சொல்லவைத்தார்கள். நல்ல வழிதான். ஆனால், பள்ளியில் கேட்டு வந்த பிள்ளை வீட்டில் ஒரு சந்தேகம் கேட்டால், “வெட்கங்கெட்ட பேச்சு” என்று நாம் அடக்கிவிட்டால் அவன் யாரிடம் போவான்?

சுங்கை பூலோவை நினைத்துப் பாருங்கள். 1930-ல் அங்கே தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. ஊரை விட்டுப் பிரித்துவிடுவார்கள் என்று பயந்து, உடம்பில் தேமல் கண்டவன் அதை மறைத்தான். மறைத்ததால் நோய் முற்றியது. அதே சுங்கை பூலோவில் 2006-ல் திறந்த மருத்துவமனை, இன்று எச்.ஐ.வி. சிகிச்சைக்குப் பெயர் பெற்றது. பழைய தவற்றை மறுபடியும் செய்யலாமா?

பெற்றோர்களே, பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்லுங்கள். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கைகுலுக்குவதாலோ, கொசு கடிப்பதாலோ எச்.ஐ.வி. தொற்றாது. ஆணுறை காக்கும். பிறர் போட்ட ஊசியைத் தொடக்கூடாது. தவறு நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்தால் தடுப்பு மருந்து உண்டு. சந்தேகம் இருந்தால் அரசாங்கக் கிளினிக்கில் பெயர் சொல்லாமலே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். கிருமி உள்ளே போன உடனே பரிசோதனையில் தெரியாது. சிலருக்கு மூன்று மாதம் வரை ஆகும். இருப்பது தெரிந்தால் மருந்து உண்டு. நம் அரசாங்கம் 2006 முதல் முதல்கட்ட மருந்தை இலவசமாகவே தருகிறது. அதை நாள் தவறாமல் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகக்கூடப் பிறருக்குத் தொற்றாது. அவர் வேலை செய்யலாம், கல்யாணம் செய்யலாம், பிள்ளை பெறலாம்.

நம்பமுடியவில்லையா? நம் தாய்மார்களைக் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை 1998-ல் தொடங்கியது. கிளினிக்கில் கை நீட்டி இரத்தம் கொடுத்தார்களே, அதன் பலன் என்ன தெரியுமா? தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. போவதை ஒழித்த நாடு என்று 2018-ல் மலேசியாவுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சான்று அளித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் முதல் நாடு நாம்தான்!

வெட்கப்படாமல் தாய் கை நீட்டினாள், குழந்தை பிழைத்தது. வளர்ந்துவிட்ட அந்தப் பிள்ளையிடம் நாலு வார்த்தை மனம் விட்டுப் பேச, நமக்கு மட்டும் ஏன் வெட்கம்?