காதுக்குப் பொருந்தும் அச்சு

கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்குக் கருவி என்று நாம் இரண்டையும் சேர்த்தே சொல்லுகிறோம். ஆயினும் இவற்றினிடையே பெரியதொரு வேற்றுமை உண்டு. கண்ணாடி மூக்கின்மேல் சற்றுச் சரிந்திருந்தாலும் எழுத்துத் தெரியும். காதில் செருகும் அச்சோ இம்மியளவு விலகினாலும் ஒலி கசிந்துவிடும். விலையுயர்ந்த கருவியும் பயன்படாமற் போகும். “கருவி சரியில்லை” என்று பெட்டியில் வைத்துப் பூட்டுமுன், குறை அச்சில் இருக்குமோ என்று நாம் பார்க்கவேண்டும்.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இது இன்னும் முக்கியமானது. பிள்ளைகளோடு வாழ்வதற்காக மும்பைக்கோ பெங்களூருக்கோ வந்துவிட்ட பெற்றோருக்குத் தெருவின் மொழி பெரும்பாலும் புரிவதில்லை. வீட்டில் ஒலிக்கும் தமிழே அவர்களுக்குத் துணை. அதுவும் செவியில் விழாவிட்டால், வீடு நிறைய மக்கள் இருந்தும் அவர்கள் தனித்தவர்களே.

வயது வந்தோரின் செவிக்குழல் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் நீளமுள்ளது. அது நேரான குழாயன்று. இரு வளைவுகளை உடையது. அதன் வெளிப்பகுதி குருத்தெலும்பாலும் உட்பகுதி எலும்பாலும் ஆனவை. ஒருவருடைய வலக்காதும் இடக்காதுமே ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆகவேதான், செவிக்குறை மிகுந்தவர்களுக்கு அவரவர் காதிலிருந்தே அச்சு எடுக்கப்படுகிறது. குறை இலேசானதாயின் ஆயத்தமாகக் கிடைக்கும் மென்மையான குமிழே பலருக்குப் போதும்.

அச்சு எடுக்குமுன் நிபுணர் காதினுள் விளக்கொளியில் பார்த்து, குறும்பி இருந்தால் அகற்றச் செய்வார். பின்னர் நூல் கட்டிய சிறு பஞ்சை இரண்டாவது வளைவிற்கு அப்பால் வைப்பார். செவிப்பறைக்கு அதுவே காவல். அதன்மேல் மென்பசையைச் செலுத்தி, சில நிமிடங்களில் அது இறுகியதும் மெல்ல வெளியே எடுப்பார். அவ்வடிவில் குழியோ மடிப்போ இருந்தால் மீண்டும் எடுத்தலே முறை. மேடைப் பாடகர்கள் காதினுள் அணியும் ஒலிக்கருவிக்கும் இவ்வாறே அச்சு எடுக்கிறார்கள்.

அச்சு அணிந்தபின் எழக்கூடிய குறைகள் முக்கியமாக மூன்று. முதலாவது, கீச்சென்ற சீழ்க்கையொலி. கசியும் ஒலி கருவியின் ஒலிவாங்கியை மீண்டும் அடைவதால் அது எழுகிறது. அச்சு சரியாகச் செருகப்படாமையும் குறும்பியும் இதற்குக் காரணமாகலாம். உண்ணும்போது மட்டும் சீழ்க்கை எழுமாயின், தாடையின் அசைவால் செவிக்குழலின் வடிவம் மாறுகிறது என்பது பொருள். வாயைத் திறந்த நிலையில் அச்சு எடுத்தால் இது பெரும்பாலும் தீரும். இரண்டாவது, தம் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்குதல். அச்சிலுள்ள சிறு காற்றுத்துளையை நிபுணர் அகலப்படுத்தினால் முழக்கம் குறையும். ஆனால் துளை மிகப் பெரிதானால் சீழ்க்கை தோன்றும். மூன்றாவது, வலியும் புண்ணும். இதைப் பொறுத்துக்கொள்ளலாகாது, வீட்டில் அரத்தால் தேய்க்கவும் கூடாது. உறுத்தும் இடத்தை நிபுணரே செதுக்கிச் சீராக்குவார்.

இம்மூன்றில் எது தமக்கு நேர்ந்தது என்பதை வேற்று மொழியில் எடுத்துரைக்க முதியவரால் இயலாது. அந்த மொழி அறிந்த ஒருவர் உடன் செல்லவேண்டும். சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் சோதனை தமிழிலேயே நடைபெற வழியுண்டா என்றும் கேட்கவேண்டும். அறியாத மொழியின் சொல்லைக் கேட்டு விழிப்பதைச் செவிக்குறை என்று கொள்ளலாகாதன்றோ! 1965-ஆம் ஆண்டு தோன்றிய மைசூர் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனமும், 1983-ஆம் ஆண்டு மும்பையில் அமைந்த அலி யாவர் ஜங் தேசிய நிறுவனமும் இத்துறையில் பணியாற்றும் அரசு நிலையங்கள். பின்னதற்குக் கொல்கத்தாவிலும் செகந்தராபாத்திலும் கிளைகள் உண்டு.

அச்சு என்றென்றைக்கும் ஒன்றாயிராது. வளரும் குழந்தைக்குச் சில மாதங்களிலேயே சிறிதாகிவிடும். உடல் மெலிந்த முதியவருக்குத் தளர்ந்துவிடும். அச்சைக் கருவியினின்று கழற்றி, மென்மையான சோப்புநீரில் கழுவி, குழாயிலுள்ள ஈரம் உலர்ந்தபின் மீண்டும் மாட்டவேண்டும். குழாய் மஞ்சளித்து விறைத்தால் அதை மாற்றவேண்டும்.

ஒருமுறை சென்று சரியாகவில்லையெனில் மறுமுறை செல்லத் தயங்கவேண்டாம். பேரக்குழந்தையின் மழலை பாட்டியின் செவியில் தெளிவாக விழும்வரை அச்சைத் திருத்திக்கொள்வதே முறையாகும்.