மண்ணில் கிடைத்த பொருளும் கைப்பேசியும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் அருவிக்குக் குளிக்க வருவோரில் மோதிரத்தையோ கொலுசையோ தண்ணீரில் தவறவிடுவோர் உண்டு. ‘மெட்டல் டிடெக்டர்’ என்ற பெயரில் கிடைக்கும் செயலியைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு தேடினால் நகை அகப்பட்டுவிடும் என்று நம்புவோரும் உண்டு. அது நடவாத காரியம். ஏன் என்பதை முதலில் பார்த்துவிட்டால், கைப்பேசி உண்மையில் எதற்குப் பயன்படும் என்பதும் விளங்கும்.

கைப்பேசியில் திசைகாட்டிக்கென்று சிறிய காந்தப்புல உணரி ஒன்று இருக்கிறது. நம் பகுதியில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40 மைக்ரோ டெஸ்லா. பக்கத்தில் இரும்பு இருந்தால் இந்த அளவு மாறும். செயலி ஒலி எழுப்பும். தங்கமும் வெள்ளியும் செம்பும் காந்தப்புலத்தை அவ்வாறு மாற்றுவதில்லை. ஆகவே அவற்றின்முன் கைப்பேசி ஊமைதான். இரும்பாயினும் சிறு பொருளின் விளைவு தூரத்தின் முப்படிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. தூரம் இரண்டு மடங்கானால் விளைவு எட்டில் ஒரு பங்கு. ஒரு சாண் ஆழத்தில் கிடக்கும் ஆணியைக்கூடக் கைப்பேசி உணர்வது அரிது.

மெய்யான உலோகங்காணும் கருவி வேறு வகை. அதன் கம்பிச் சுருளில் மாறுமின்னோட்டம் பாய்கிறது. மாறும் காந்தப்புலம், புதைந்திருக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டம் உண்டாக்கும் எதிர்ப்புலத்தைக் கருவி பிடித்துக்கொள்கிறது. ஃபாரடே 1831-இல் கண்ட மின்காந்தத் தூண்டலேதான் இது. மின்சாரம் கடத்தும் எந்த உலோகமும் இதற்குத் தப்பாது.

சரி, கைப்பேசிக்கு இதில் என்ன வேலை? கண்டுபிடிப்பது அன்று, குறித்துவைப்பது. டென்மார்க்கில் இக்கருவியுடன் வயல்களில் தேடுவோர் தங்களுக்குக் கிடைத்தவற்றைக் கைப்பேசியிலிருந்தே பதிவு செய்வதற்கு 2018-இல் ஒரு பொதுப் பதிவேடு தொடங்கப்பட்டது. பிரிட்டனில் 1997 முதல் நடந்துவரும் இத்தகைய திட்டத்தில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியுள்ளன. நம் ஊரில் இப்படித் தேடுவது வழக்கமில்லை. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் உரிமமின்றித் தோண்டுவது குற்றமுங்கூட. ஆனால் எவரும் தேடாமலே இங்கே பொருள்கள் வெளிப்படுகின்றன. கிணறு வெட்டும்போதும், வாய்க்கால் தூர்வாரும்போதும், வீட்டுக்கு வானம் தோண்டும்போதும் மண்வெட்டியில் ஏதோ தட்டுப்படும். தட்டுப்பட்டதை அந்த நொடியில் கையாளும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

குற்றாலத்து நீர் சிற்றாறாக ஓடிச் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. அதற்கும் கீழே ஆதிச்சநல்லூர். சற்று வடக்கே சிவகளை. தென்காசி மாவட்டத்திலேயே திருமலாபுரத்தில் இரும்புக் கால ஈமக்காடு ஒன்றைத் தமிழகத் தொல்லியல் துறை 2024-இல் அகழத் தொடங்கியது. சிவகளையில் தாழிகளுக்குள் இரும்புப் பொருள்கள் கிடைத்தன. 2025 ஜனவரியில் வெளியான அரசு அறிக்கை, அங்கே பெறப்பட்ட காலக் கணிப்புகள் அதிகபட்சமாகக் கி.மு. 3345 வரை செல்வதாகக் கூறியது. இந்தக் கணிப்பு எதிலிருந்து வந்தது? துருப்பிடித்த இரும்பிலிருந்து அன்று. அதனுடன் கிடந்த கரித்துண்டிலிருந்து. இரும்பை மட்டும் பிடுங்கி எடுத்துத் துடைத்து வீட்டில் வைத்திருந்தால் அதன் வயதைச் சொல்ல ஒருவராலும் இயலாது. கரித்துண்டையும் ஓட்டாஞ்சில்லையும் யார் பொறுக்கி வைக்கப்போகிறார்கள்?

இதைப் பற்றி நம்மிடம் பழைய சட்டம் ஒன்று உண்டு. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எது கிடைத்தாலும் கண்டவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பில் இருக்க வேண்டியவை மூன்று: பொருளின் தன்மையும் மதிப்பும், கிடைத்த இடம், கிடைத்த நாள். இன்றைய செயலிகள் கேட்பதும் பெரும்பாலும் இவைதாம்! மறைத்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம்; கண்டவருக்குச் சேரவேண்டிய பங்கும் போய்விடும். அரசே பொருளை எடுத்துக்கொள்ள முடிவு செய்தால், உலோகத்தின் விலையோடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தர வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. பறித்துக்கொள்வார்கள் என்று அஞ்சி ஒளிப்பவர்களுக்கு இந்த விதி தெரிவதே இல்லை.

மூன்றில் நாம் பெரும்பாலும் கோட்டை விடுவது இடத்தை. கைப்பேசி திரையில் அட்சரேகையை ஆறு தசம இலக்கம் வரை காட்டும். ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். ஆகவே ஆறாவது இலக்கம் 11 சென்டிமீட்டரைக் குறிக்கிறது. கைப்பேசிக்கு அவ்வளவு நுட்பம் கிடையாது. திறந்த வெளியில் அதன் பிழை 5 மீட்டர் அளவில் இருக்கும். செயற்கைக்கோளின் சமிக்ஞை வந்துசேரும் நேரத்தில் 10 கோடியில் ஒரு பங்கு வினாடி பிசகினாலும் தூரத்தில் 3 மீட்டர் பிசகும். குற்றாலத்தில் நிலைமை இன்னும் மோசம். மேற்கே மலை வானத்தை மறைக்கிறது, பாறையில் பட்டுத் திரும்பும் சமிக்ஞை சுற்றி வருவதால் தாமதமாகிறது, மரக்கிளைகள் வேறு. பொருள் கிடைத்தது மரத்தடியானால், சற்றுத் தள்ளி வெட்டவெளியில் நின்று, சில நிமிட இடைவெளியில் நான்கைந்து முறை அளவு எடுத்துச் சராசரி காணுங்கள். அங்கிருந்து பொருள் கிடந்த இடம் வரை நாடாவால் அளந்து, திசையையும் எழுதுங்கள். சர்வே கல் ஒன்று அருகிலிருந்தால் அதிலிருந்தும் அளந்து, சர்வே எண்ணையும் சேர்த்துக் குறிப்பது இன்னும் நல்லது. நூறாண்டு கழித்து அந்தச் செயலி இருக்குமோ இராதோ, நில அளவைப் பதிவேடு இருக்கும் என்று நம்பலாம்.

ஆழத்தை ஒருபோதும் கைப்பேசியிடம் கேட்க வேண்டாம். உயரத்தில் அதன் பிழை கிடைத்தளத்தில் உள்ளதைவிட அதிகம். தரையிலிருந்து அளவுகோல் வைத்தே பார்க்க வேண்டும். பொருளை எடுப்பதற்கு முன், பக்கத்தில் அளவுகோல் தெரியும்படி படம் எடுங்கள். படக்கோப்பில் இடக்குறிப்பு பதிந்திருக்கும். ஆனால் வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அக்குறிப்பு அழிந்துவிடும். மூலப் படத்தைத் தனியே வைத்திருப்பது அவசியம்.

சிற்றாற்றின் படுகையில் கிடைத்த பொருளுக்கு மட்டும் இந்த அளவுகள் அவ்வளவு பேசா. வெள்ளம் அதை எங்கிருந்தோ உருட்டி வந்திருக்கலாம். ‘ஆற்று மணலில் கிடைத்தது’ என்ற ஒரு வரியை முதலில் எழுதிவிட்டே மற்றவற்றை எழுத வேண்டும்.

குறிப்பை எங்கே வெளியிடுவது என்பது கடைசிச் சிக்கல். ‘எங்கள் தோட்டத்தில் தாழி’ என்று வரைபடக் குறியோடு ஊரெங்கும் அனுப்பினால், மறுநாள் இரவே மண்வெட்டியோடு ஆள் வரலாம். பிரிட்டனின் பதிவேட்டில்கூடத் துல்லியமான இடம் ஆய்வாளர்களுக்கே காட்டப்படுகிறது. பொதுமக்கள் பார்ப்பது தோராயமான வட்டாரம் மட்டுமே. ஆகவே முழு அளவுகளும் கலெக்டருக்கும் தொல்லியல் துறைக்கும் போகட்டும். நண்பர்களுக்கு ஊர்ப்பெயர் போதும்.