120-க்கு வாங்கின பொம்மை ஷேர் இப்போ 36: வச்சிருக்கலாமா, வித்துடலாமா?

நம்ம சேனல் பார்க்கிற ஒரு தம்பி போன வாரம் கேட்டார். வேலைக்குச் சேர்ந்து மூணு வருஷம் ஆகுது. முதல் போனஸ் பணத்தில் ஒரு சின்ன பொம்மை கம்பெனி ஷேரை 120 ரூபாய்க்கு 500 வாங்கியிருக்கார். இப்போ விலை 36. "சார், 60,000 போட்டேன், 18,000தான் நிக்குது. 120 வந்ததும் வித்துட்டு வெளியே வந்துடறேன், அதுவரைக்கும் வச்சிருக்கலாம்ல?"

தம்பி, முதல்ல அந்த 120-ஐ மறந்துடுங்க. அது உங்க கான்ட்ராக்ட் நோட்டில் இருக்கிற நம்பர், கம்பெனியோட பேலன்ஸ் ஷீட்டில் இல்லை. 70% விழுந்த ஷேர் பழைய விலைக்கு வரணும்னா 233% ஏறணும். அதனால கேட்க வேண்டிய கேள்வியே வேற: இன்னைக்கு உங்க கையில் 18,000 ரொக்கமா இருந்தா, இதே ஷேரை வாங்குவீங்களா?

"கம்பெனி தேறிட்டா என் பணமும் திரும்பிடும்" என்று பலர் நினைக்கிறாங்க. அமெரிக்காவின் ஜேக்ஸ் பசிபிக் என்ற பொம்மை கம்பெனியைப் பாருங்க. 2011-ல் ஓக்ட்ரீ என்ற முதலீட்டு நிறுவனம் ஒரு பங்குக்கு 20 டாலர் தர்றோம், கம்பெனியைக் கொடுங்க என்று கேட்டது. நிர்வாகம் மறுத்துட்டது. அப்புறம் விற்பனை சரிந்தது, கடன் அழுத்தியது. 2018-ல் அவங்களோட பெரிய வாடிக்கையாளரான டாய்ஸ் ஆர் அஸ் அமெரிக்கக் கடைகளை மூடியது. 2019-ல் கடனை மாற்றியமைத்தபோது, கடன் கொடுத்தவங்களுக்குப் புதுப் பங்குகள் போச்சு. 2020-ல் 10 பங்கை 1 ஆக்கினாங்க.

அப்புறம் கம்பெனி நிஜமாவே தேறியது. 2020-ல் சுமார் 516 மில்லியன் டாலரா இருந்த விற்பனை, 2022-ல் சுமார் 796 மில்லியன். ஆனா பழைய 20 டாலர் என்பது 10-க்கு 1 கணக்கில் 200 டாலர். 2024 முடிகிற வரைக்கும் பங்கு 50 டாலரைக்கூடத் தொடலை. கம்பெனி பிழைச்சது, பழைய பங்குதாரரோட பணம் பிழைக்கலை.

பொம்மைத் தொழிலில் இந்த ஆபத்து ஏன் அதிகம்? விற்பனை பெரும்பாலும் பண்டிகை சீசனில்தான். சரக்கைப் பல மாசம் முன்னாடியே கடன் வாங்கித் தயாரிக்கணும். அந்த வருஷம் குழந்தைகளுக்கு அந்தப் பொம்மை பிடிக்கலைன்னா, சரக்கு குடோனில் தூங்கும், வட்டி மட்டும் ஓடும்.

அதனால ஆண்டறிக்கையில் இந்த நாலையும் பாருங்க:

1. சரக்கு இருப்பு: விற்பனை குறையும்போது சரக்கு மட்டும் ஏறினா, விற்காத மால் சேருதுன்னு அர்த்தம்.
2. தொழிலில் இருந்து வரும் ரொக்கம்: லாபம் காட்டியும் இது இரண்டு மூணு வருஷமா மைனஸ்னா உஷார்.
3. வட்டி: வட்டிக்கு முந்தைய லாபம் வட்டியையே கட்டப் போதலைன்னா, கம்பெனி கடன்காரர் தயவில்தான் ஓடுது.
4. ஆடிட்டர் அறிக்கை, புரமோட்டர் அடகு: கம்பெனி தொடர்ந்து நடக்குமான்னு ஆடிட்டரே சந்தேகம் எழுப்பியிருந்தா, அதைவிடப் பெரிய எச்சரிக்கை கிடையாது.

"அரசு பொம்மை இறக்குமதி வரியை 2020-ல் 20%-லிருந்து 60% ஆக்கியது, 2023-ல் 70% ஆக்கியது. அப்போ ஏறும்ல சார்?" துறைக்கு நல்லதுதான். ஆனா உங்க கம்பெனியோட கடனை அது கட்டாது. திவால் சட்டத்தில் பணம் பிரிக்கும்போது சாதாரணப் பங்குதாரர்தான் கடைசி வரிசை. அங்கே பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது.

விற்றா நஷ்டம் முழுக்க வீணா? இல்லை. 12 மாசத்துக்குள் விற்ற நஷ்டத்தைக் குறுகிய கால, நீண்ட கால மூலதன லாபம் இரண்டிலும் கழிக்கலாம். அதுக்கு மேல வச்சிருந்து விற்றா, நீண்ட கால லாபத்தில் மட்டும். சம்பளத்தில் கழிக்க முடியாது. மிச்சத்தை 8 வருஷம் எடுத்துட்டுப் போகலாம், ஆனா ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போட்டிருக்கணும். இதைத் தவற விடுறவங்கதான் அதிகம்.

தம்பி நாலையும் பார்த்தார். வட்டிக்கே லாபம் போதலை, ரொக்கம் இரண்டு வருஷமா மைனஸ். இன்னும் 500 வாங்கி ஆவரேஜ் பண்ணலாம்னு வச்சிருந்த திட்டத்தைக் கைவிட்டு, மொத்தத்தையும் வித்துட்டார். நாளைக்கே அது 50 போகலாம். போனாலும் அவர் முடிவு தப்பில்லை, ஏன்னா கணக்கைப் பார்த்து எடுத்த முடிவு. உங்க கம்பெனியில் இந்த நாலும் நல்லா இருந்தா, தாராளமா வச்சிருங்க. அதுவும் கணக்குதான்.

நான் சி.ஏ., செபியில் பதிவு செய்த ஆலோசகர் இல்லை. எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ இது பரிந்துரை இல்லை. கேஷ் ஃப்ளோவை எப்படிப் படிக்கிறதுன்னு அடுத்த வீடியோவில் பார்ப்போம்.