முகத்திற்கு விலை பேசும்போது...

டோக்கியோ மாநகரின் கிழக்கே எடோகவா என்றொரு பகுதி இருக்கிறது. அங்குள்ள நிஷி-கசாய் ரயில் நிலையத்தைச் சுற்றி ஏராளமான இந்தியக் குடும்பங்கள் வாழ்கின்றன. நம் தமிழகத்துப் பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. படிப்பதற்காக அங்கே சென்ற தங்கள் மகனிடமிருந்து ஒருநாள் இரவு இப்படியொரு தொலைபேசி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"வாப்பா, டி.வி. விளம்பரம் ஒன்றில் நடிக்க என்னைக் கூப்பிடுகிறார்கள். ஒரே நாள் வேலைதான். 50,000 யென் தருவார்களாம். சரியென்று சொல்லிவிடட்டுமா?"

தாங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

ஒரு நாள் கூலியாக நல்ல தொகைதானே என்றுதான் எவருக்கும் தோன்றும். தவறு தொடங்குவதே அங்கேதான். விளம்பரத்தில் நடிப்பவருக்குக் கொடுக்கப்படுவது அன்றைய உழைப்பின் கூலி மட்டுமன்று. அவருடைய முகத்தை எவ்வளவு காலம், எந்தெந்த நாட்டில், எந்தெந்த வழியில் காட்டலாம் என்னும் உரிமைக்கான விலையும் அதற்குள் அடங்கியிருக்கிறது. இதை அறியாதவர் ஒரு நாளைக்கு விலை பேசிவிட்டு, ஆண்டுக்கணக்கில் தம் முகத்தைக் கொடுத்துவிட்டு வருகிறார்.

ஜப்பானியத் தொலைக்காட்சியில் விளம்பரம் தோன்றியது 1953இல். செய்கோ கடிகார நிறுவனத்தின் நேர அறிவிப்புதான் முதல் விளம்பரம். பிற்காலத்தில் அந்நிய முகங்களுக்கு அங்கே தனி மவுசு உண்டாயிற்று. 1970இல் ஹாலிவுட் நடிகர் சார்லஸ் பிரான்சன் 'மாண்டம்' ஒப்பனைப் பொருளுக்காகத் தோன்றினார். 2006 முதல் டாமி லீ ஜோன்ஸ் 'பாஸ்' காப்பியின் விளம்பரங்களில் வேற்றுக்கிரகவாசியாக நடித்து, ஜப்பானியக் குழந்தைகளுக்கும் தெரிந்த முகமானார். இத்தகைய நட்சத்திரங்களுக்காகப் பேரம் பேச வழக்கறிஞர்கள் உண்டு. ஆனால் விமானப் பயணியாகவும், அலுவலக நண்பராகவும், கறிச்சோறு உண்டு தலையசைக்கும் இந்தியராகவும் 15 விநாடிகள் தோன்றுகிறாரே, அந்தச் சாதாரண வெளிநாட்டவருக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? அவரேதான் பேசியாக வேண்டும்.

முதலில் கேட்க வேண்டியது காலம். ஜப்பானிய ஒளிபரப்புத் துறையில் மூன்று மாதத்தை ஒரு 'கூரு' என்று கணக்கிடுவார்கள். ஒரு கூருவா, ஆறு மாதமா, ஓராண்டா என்று தெரியாமல் 50,000 யென் அதிகமா, குறைவா என்று சொல்லவே முடியாது. காலம் முடிந்தபின் மீண்டும் ஒளிபரப்பினால் தனித்தொகை உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். அடுத்தது இடம். தொலைக்காட்சி மட்டுமா, இணையத்திலும் வருமா, ரயில் பெட்டிகளில் தொங்கும் சுவரொட்டிகளில் வருமா, ஜப்பானுக்கு வெளியேயும் காட்டப்படுமா? எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை தந்து நிரந்தரமாக வாங்கிக்கொள்வதைப் 'பை-அவுட்' என்பார்கள். அவசரக்காரர் சறுக்கும் இடம் இதுதான்.

மூன்றாவது, போட்டிப் பொருள் பற்றிய தடை. ஒரு கைத்தொலைபேசி நிறுவனத்துக்காக நடித்தவர், ஒப்பந்தக் காலம் முடியும்வரை வேறொரு கைத்தொலைபேசி நிறுவனத்துக்காகத் தோன்றலாகாது என்று நிபந்தனை போடுவார்கள். நியாயமான நிபந்தனைதான். ஆனால் அந்தக் காலம் முழுவதும் ஒரு கதவு அடைபடுகிறதல்லவா? அடைபடும் கதவுக்கும் விலை உண்டு.

அமெரிக்காவில் இவற்றையெல்லாம் நடிகர் சங்கமே பேசி முடித்து வைத்திருக்கிறது. படப்பிடிப்பு நாளுக்கு ஒரு தொகை. அதன்பின் 13 வாரத்துக்கு ஒருமுறை பயன்பாட்டுக்கெனத் தனித்தொகை. இந்த முறையைக் காத்துக்கொள்வதற்காகவே 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு விளம்பர நடிகர்கள் ஆறு மாத காலம் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2023இல் திரைப்பட, தொலைக்காட்சி நடிகர்கள் 118 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கணினியால் முகத்தையும் குரலையும் படியெடுத்துப் பயன்படுத்துவது பெரும் பிரச்சினையாக எழுந்தது. ஆகவே, "என் முகத்தைக் கணினி மூலம் மாற்றியோ புதிதாக உருவாக்கியோ பயன்படுத்துவீர்களா?" என்ற கேள்வியையும் இன்று சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சரி, எவ்வாறு கேட்பது? நம் கடைத்தெருவில் பேசுவதைப் போல அங்கே பேசினால் காரியம் கெட்டுவிடும். நடிகர் தேர்வு நடக்கும் அறையில், விளம்பரம் கொடுக்கும் நிறுவனத்தாரின் முன்னிலையில், பணத்தைப் பற்றி வாய் திறக்கலாகாது. நம்மை அனுப்பிவைக்கும் முகவர் நிலையத்தாரிடம், தேர்வுக்குப் போவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். சம்பளத்தை அங்கே 'கியாரா' என்பார்கள். 'கேரண்டி' என்னும் ஆங்கிலச் சொல் ஜப்பானிய நாவில் புரண்டு பெற்ற உருவம் அது. நாம் கேட்கும் தொகைக்கு, "கொஞ்சம் கடினம்" என்று அவர் இழுத்தால், இல்லை என்று பொருள். அப்போது தொகையை விட்டுவிட்டுக் காலத்தைக் குறைக்கச் சொல்லிப் பாருங்கள். "50,000 யென்னே இருக்கட்டும்; ஓராண்டுக்குப் பதில் ஆறு மாதமாகட்டும்" என்று கேட்பதில் இருவருக்கும் முகம் சுளிக்க இடமில்லை. என்னைக் கேட்டால், புதியவருக்கு இதைவிட நல்ல பேரம் கிடையாது.

தொகை சொல்லப்படும்போது, அது கைக்கு வரும் தொகையா, கழிவுக்கு முந்தியதா என்றும் கேட்க வேண்டும். முகவரின் பங்கு 30 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 50,000 யென் 35,000 ஆகிவிடும். ஜப்பானில் குடியிருப்பவருக்கு இத்தகைய ஊதியத்தில் 10.21 விழுக்காடு வருமான வரி முன்கூட்டியே பிடிக்கப்படுகிறது. அதாவது 3,573 யென் போக, மிஞ்சுவது 31,427. குடியிருப்பாளராகக் கருதப்படாதவருக்குப் பிடித்தம் 20.42 விழுக்காடு. உடை அளவு பார்க்க ஒருநாள் அழைப்பார்கள். அதற்குப் பணம் உண்டா? படப்பிடிப்பு நள்ளிரவு வரை நீண்டால்? இவையும் முன்பே பேசவேண்டியவைதாம்.

நம் குடும்பத்தவருக்குத் தொகையைவிட முந்திய கேள்வி ஒன்று உண்டு: என்ன பொருளுக்கான விளம்பரம்? ஜப்பானியத் தொலைக்காட்சியில் பீர் விளம்பரம் வருகிறது. வட்டிக்குப் பணம் கொடுக்கும் நிறுவனங்களும், சூதாட்டக் கூடங்களும் விளம்பரம் செய்கின்றன. "ஒரு பானத்தின் விளம்பரம்" என்று பொதுவாகச் சொல்லி அழைத்தால், என்ன பானம் என்று கேட்டே ஆகவேண்டும். பெண்களாயின், எவ்வகை உடை, தலைமறைப்போடு தோன்றலாமா என்பதையும் கூச்சமின்றிக் கேட்கலாம். தேர்வுக்கு முன் மறுப்பவரை எவரும் குறை சொல்வதில்லை. கையெழுத்திட்டபின் படப்பிடிப்புத் தளத்தில் மறுத்தாலோ, பலருடைய ஒருநாள் உழைப்பு வீணாகும், நஷ்டஈடும் கேட்பார்கள்.

இன்னொன்று, விசா. சுற்றுலா விசாவில் சென்றவர் கூலிக்கு நடிக்கலாகாது. மாணவர் அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். எனினும் வேலை நேரத்தைத் தெளிவாகக் கணக்கிட முடியாத ஒப்பந்தப் பணிக்குக் குடிநுழைவு அலுவலகத்தில் தனி அனுமதி தேவைப்படும். "அதெல்லாம் ஒன்றுமில்லை, எல்லாரும் நடிக்கிறார்கள்" என்று முகவர் சொல்வதை நம்பிவிடக் கூடாது. நாட்டைவிட்டு அனுப்பப்பட்டால், போவது 31,427 யென் அல்ல, பிள்ளையின் படிப்பு.

குடும்பத்தோடு அங்கே வாழ்பவர்களின் சிறு குழந்தைகளையும் விளம்பரத்துக்குக் கேட்டு வருவதுண்டு. 13 வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு அமர்த்த ஜப்பானியத் தொழிலாளர் சட்டம் இடம் தருவதில்லை. திரைப்படத் தயாரிப்புக்கும் நாடகத்துக்கும் மட்டும் அரசு அனுமதியோடு விலக்கு உண்டு. அந்த அனுமதி பெறப்பட்டிருக்கிறதா என்று பெற்றோர் கேட்கலாம். இங்கே கையெழுத்திடுவது தாங்கள், முகம் குழந்தையுடையது. நாலு வயதில் எடுத்த படம் பதினாலு வயதிலும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் பள்ளிக்கூடத்தில் பதில் சொல்லவேண்டியது அந்தப் பிள்ளைதான். குழந்தைகள் விஷயத்தில், தொகை எத்தனை பெரிதாயினும் கால வரம்பில்லாத ஒப்பந்தத்துக்கு இணங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பேசியவற்றை எழுத்தில் பெறுவது இப்போது முன்னைவிட எளிது. 2024 நவம்பர் முதல் நடைமுறையிலுள்ள ஒரு ஜப்பானியச் சட்டம், ஆள் வைத்துக்கொள்ளாமல் தனியாகத் தொழில் செய்பவரிடம் பணி ஒப்படைப்போர், பணியின் விவரத்தையும் ஊதியத்தையும் எழுத்திலோ மின்னஞ்சலிலோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஊதியத்தையும் பொதுவாக 60 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். பணம் கைக்கு வந்ததும் வரிப் பிடித்தம் காட்டும் சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். ஆண்டு வருமானம் குறைவாயிருந்தால், வரிக் கணக்குத் தாக்கல் செய்து பிடித்த வரியைத் திரும்பப் பெறலாம். அதற்கு ஐந்தாண்டு வரை அவகாசம் இருக்கிறது.