காப்பர் காயில், அலுமினியக் காயில்

எரிந்த மோட்டாரை வைண்டிங் கடையில் இறக்கி வைத்ததும் வருகிற முதல் கேள்வி, "காப்பர் போடவா, அலுமினியம் போடவா?" விலையைக் கேட்டதும் மனம் தடுமாறும். காப்பர் உசத்தி, அலுமினியம் மட்டம் என்பது ஊரெல்லாம் வேரூன்றிய நம்பிக்கை. ஆனால் அதே கடையில் கிடக்கும் ஒரு ரோட்டரை, அதாவது மோட்டாரின் சுழலும் பகுதியை, கையில் எடுத்துப் பாருங்கள். இரும்புத் தகடுகளுக்கு ஊடே ஓடும் கம்பிகளும், இரு முனையிலும் அவற்றைச் சேர்க்கும் வளையங்களும் பெரும்பாலான இண்டக்‌ஷன் மோட்டார்களில் உருக்கி ஊற்றிய அலுமினியம்தான். காப்பர் காயில் என்று விற்கப்படும் மோட்டாருக்கும் இது பொருந்தும். ரோட்டரில் வருடக்கணக்காகத் தொந்தரவு தராமல் சுற்றுகிற உலோகம் சுழலாமல் நின்று காயிலைத் தாங்கும் ஸ்டேட்டரில் ஏறினால் மட்டும் ஏன் வம்பாகிறது?

மின்சாரத்தைக் கடத்தும் திறனை ஒப்பிட 1913இல் உலக அளவில் ஓர் அளவுகோல் வகுத்தார்கள். பதப்படுத்திய தூய காப்பருக்கு அதில் நூறு மதிப்பெண். மோட்டார் கம்பிக்கான அலுமினியம் பெறுவது ஏறக்குறைய 61. அதே மின்தடையைத் தர, அலுமினியக் கம்பியின் குறுக்குப் பரப்பு காப்பரைப்போல 1.64 மடங்கு வேண்டும். எடையிலோ கணக்கு தலைகீழ். காப்பரின் அடர்த்தி 8.9, அலுமினியத்தினுடையது 2.7. ஆகவே தடித்த அலுமினியக் கம்பிகூடக் காப்பரில் பாதி எடைதான் வரும். கிலோ விலையும் குறைவு. மின்கோபுரங்களுக்கு இடையே அலுமினியக் கம்பி ஓடுவதற்கு இதுதான் காரணம். வானத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை; கம்பி எவ்வளவு தடித்தாலும் ஆகும்.

ஸ்டேட்டரில் கம்பி உட்காரும் பள்ளமான ஸ்லாட்டில் அந்த வசதி கிடையாது. காப்பரில் 22 கேஜ் கம்பி 0.711 மில்லிமீட்டர் விட்டம். அதற்கு ஈடான அலுமினியக் கம்பி 20 கேஜ், அதாவது 0.914 மில்லிமீட்டர். இரண்டு கேஜ் தடிமன் கூட்டினால் மின்தடை சரியாகிவிடும். ஆனால் காப்பருக்கென்று வெட்டிய ஸ்லாட்டில் அத்தனை சுற்றும் உள்ளே போகாது. தொழிற்சாலையில் அலுமினியத்துக்கென்றே மோட்டாரை வடிவமைப்பவர் ஸ்லாட்டைப் பெரிதாக்குவார், ஸ்டேட்டரின் நீளத்தைக் கூட்டுவார், தகடு கூடுதலாகப் போடுவார். கம்பியில் மிச்சமான பணத்தில் ஒரு பகுதி இரும்புக்குப் போகும். மோட்டார் கொஞ்சம் பெருத்திருக்கும், அவ்வளவுதான். அதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஏமாற்று நடப்பது ரீவைண்டிங்கில். பழைய காப்பரைப் பிடுங்கிவிட்டு, அதே 22 கேஜில் அலுமினியத்தைச் சுற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். மின்தடை 1.64 மடங்காகிறது, அதே கரண்டுக்குக் காயிலில் பிறக்கும் சூடும் 1.64 மடங்காகிறது. சிலர் தடித்த கம்பியைப் போட்டுச் சுற்றுகளைக் குறைப்பார்கள். அது இன்னொரு கேடு. சுற்று குறைந்தால் இரும்பில் காந்தப்புலம் அளவுக்கு மீறி ஏறும். தண்ணீர் ஏற்றாமல் சும்மா ஓடும்போதே மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். இரண்டு வழியிலும் அடி வாங்குவது கம்பிமேல் பூசிய இனாமல். உலோகம் உருகுவதற்கு வெகு முன்னரே அது கருகிவிடும். இனாமல் போன்ற மின்காப்பின் வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மின்பொறியியலில் நெடுங்காலமாகப் புழங்கும் விதி. இருபது டிகிரிக்குக் கால், முப்பதுக்கு அரைக்கால். பத்து வருடம் ஓட வேண்டிய காயில் ஒன்றேகால் வருடத்தில் புகைவதன் கணக்கு இதுதான்.

கிராமத்து வயல் மோட்டாருக்கு இதில் இன்னொரு சுமையும் சேர்கிறது. லைனின் கடைசியில் இருக்கும் தோட்டத்துக்கு வோல்டேஜ் 15 சதவீதம் குறைந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே தண்ணீரை ஏற்ற மோட்டார் ஏறக்குறைய 18 சதவீதம் கூடுதல் கரண்ட் இழுக்கும். சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறுவதால் கூடுதல் வெப்பம் 40 சதவீதத்தை நெருங்கும். காப்பர் காயிலே திணறுகிற இடம் அது. தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம் என்பதால், காயிலில் வீணாகும் யூனிட் எந்த ரசீதிலும் விவசாயியின் கண்ணில் படுவதில்லை. பயிர் வாடுகிற வாரத்தில் மோட்டார் எரிந்தால்தான் தெரிகிறது.

போர்வெல் மோட்டாரில் அலுமினியத்துக்கு ஏறக்குறைய வழியே இல்லை. நான்கு அங்குலம், ஆறு அங்குலம் என்று குழாயின் வாய் மோட்டாரின் அகலத்தைக் கட்டிப்போட்டுவிடுகிறது. பெருக்க வேண்டுமானால் நீளத்தில்தான் பெருக்க முடியும். நீர் நிரம்பிய மோட்டார்களில் கம்பிமேல் இனாமலுக்குப் பதில் தடித்த பாலிமர் உறை இருப்பதால் ஸ்லாட்டில் இடம் இன்னும் சுருங்கும். அங்கே சிறிய உடம்பில் அதிகக் கரண்டைத் தாங்கும் உலோகம்தான் வேண்டும். பல நூறு அடி ஆழத்திலிருந்து மோட்டாரை மேலே தூக்க ஆகும் கூலியையும் சேர்த்தால், கம்பி விலையில் மிச்சம் பிடிப்பதற்கு அர்த்தமே இல்லை.

இடத்துக்கு அடுத்த சிக்கல் இணைப்பு. அலுமினியத்தைச் சுரண்டிய மறுகணமே அதன்மேல் ஆக்சைடு படலம் படர்கிறது. அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. 2000 டிகிரிக்கு மேல்தான் உருகும். சாதாரண ஈயப் பற்று அதில் ஒட்டாது. காப்பரும் அலுமினியமும் தொடும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கப்படும். சூட்டில் அது காப்பரைவிடக் கூடுதலாக விரிந்து சுருங்குவதால், முறுக்கி வைத்த இணைப்பு நாளடைவில் தளரும். தளர்ந்த இடம் சூடாகும், சூடான இடம் மேலும் தளரும். தொழிற்சாலைகள் படலத்தைக் குத்திக் கிழிக்கும் கிரிம்ப்புகளால் இதைச் சமாளிக்கின்றன. முறுக்கி ஸ்லீவ் மாட்டுகிற கடையில் அந்தக் கருவியைப் பார்ப்பது அரிது.

இப்போது ரோட்டருக்கு வருவோம். அங்கே கம்பிகளும் வளையங்களும் ஒரே வார்ப்பு, இணைப்பே இல்லை. கருகுவதற்கு இனாமல் இல்லை. தடித்த கம்பிகளுக்கு ஏற்றபடி ஸ்லாட்டை முதலிலேயே வெட்டியிருக்கிறார்கள். அலுமினியத்தின் மின்தடை கொஞ்சம் கூடுதலாக இருப்பது புறப்படும்போது இழுவையைக்கூடச் சற்றுக் கூட்டித் தருகிறது. 660 டிகிரியில் உருகுவதால் வார்ப்பதும் சுலபம்; 1085 டிகிரி காப்பரை ஊற்றினால் அச்சுகள் சீக்கிரம் தேய்ந்துபோகும். ஸ்டேட்டரில் அலுமினியத்தைப் படுத்தும் தொல்லைகள் எதுவும் ரோட்டரில் இல்லை.

காயிலாகவும் அலுமினியம் பொருந்துகிற இடங்கள் உண்டு. மலிவான மின்விசிறி, சில குளிர்பதனப் பெட்டிகளின் கம்ப்ரசர், எப்போதாவது ஓடும் சிறு மோட்டார்கள், தெருமுனை மின்மாற்றிகள் பலவற்றில் அது ஒழுங்காக உழைக்கிறது. முதல் நாளிலிருந்தே அதற்கென்று வடிவமைத்தவை அவை. காப்பருக்குப் பிறந்த மோட்டாரைக் காப்பரிலேயே கட்டுவதுதான் என் கட்சி. நாள் முழுக்க ஓடும் மோட்டாரென்றால் அதில் பேரமே வேண்டாம்.

கண்ணை மட்டும் நம்ப முடியாது. இனாமலுக்குக் காப்பர் நிறமே கொடுக்கலாம்; மெல்லிய காப்பர் தோல் போர்த்திய அலுமினியக் கம்பியும் சந்தையில் உண்டு. கம்பியின் நுனியை வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை தெரிந்துவிடும். எடையும் காட்டிக்கொடுக்கும். அதே கேஜ், அதே சுற்று என்றால் அலுமினியம் காப்பரின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஆகவே ரசீதில் கேஜ், சுற்று, கிலோ மூன்றையும் எழுதி வாங்க வேண்டும். மோட்டார் புதிதாக இருக்கும்போதே, காயில் ஆறியிருக்கையில் மல்டிமீட்டரை வைத்து ஓம் அளவைக் குறித்து ஸ்டார்டர் பெட்டியின் உள்மூடியில் ஒட்டி வையுங்கள். ரீவைண்டிங் முடிந்து வந்ததும் மறுபடி அளக்கும்போது, நான்கு ஓம் இருந்த காயில் ஆறரை காட்டினால், கடைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.